பம்ப்செட்டு ரோபோ

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்திய வாரம் என் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. நான் ஃபிளெக்ஸ் போர்டு வடிவமைப்பவன். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று சங்கரன்கோவிலில் யார் சிரித்தாலும் அழுதாலும் அது என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். அந்த வாரம் ஒரு அன்னதானப் போர்டுக்காக உபயதாரர்களின் முகங்களை வரிசையாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மவுஸை அழுத்தினால் அமுங்கவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டினேன். அதுவும் அமுங்கவில்லை. பழுதானது மவுஸ் இல்லை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குச் சில நாள் முன்பு வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்திருந்தேன். அந்த அசதி என்று சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் என்னை வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து கால்களை இறக்க முடியவில்லை. மதியத்துக்குள் கைகளும் விழுந்துவிட்டன. ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குப் போகும்போது என் மனைவி என் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். அவள் பிடித்திருப்பது தெரிந்தது. திருப்பிப் பிடிக்கத்தான் முடியவில்லை.

நரம்பு டாக்டர் நிதானமானவர். மனைவிக்குப் புரியும்படி சொன்னார்.

“உடம்புல காவலுக்கு ஒரு படை இருக்கும்மா. வயித்துல வந்த கிருமிய அடிக்கப் போன படை, இவரு நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிச்சிருச்சு. பயப்படாதீங்க, பெரும்பாலும் திரும்பி வந்திரும்.”

“எப்ப சார் வரும்?”

“அத யாராலயும் சொல்ல முடியாது.”

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஊசி மேல் ஊசியாக ஏற்றினார்கள். நல்ல வேளையாக மூச்சுக்குக் குழாய் வைக்கிற நிலைமை வரவில்லை. ஊரில் தபசு முடிந்து, நான் செய்த போர்டுகளையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன். கழுத்துக்கு மேலே நான் நானாக இருந்தேன். பேசினேன், மென்றேன், தலையைத் திருப்பினேன். கீழே எல்லாம் இருந்தும் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

கட்டிலை முன்னறையில், டி.வி.க்கு எதிரே போட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். முதலில் லீவு சொன்னாள். பிறகு பள்ளியில் வேறொருத்தியைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த ஸ்டார் ஸ்டிக்கர் அட்டையை அலமாரிக்கு உள்ளே தள்ளி வைத்ததைப் பார்த்தேன்.

முழு உடம்பும் செயலிழந்தவனுக்குப் பெரிய விஷயங்கள் அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. மூக்கின் மேல் உட்கார்ந்த ஈதான் கஷ்டம். ஊதுவேன், பறந்து அதே இடத்தில் வந்து உட்காரும். அதற்காக அடுப்படியில் நிற்கிறவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் ஈ போயிருக்கும்.

“எதுக்குக் கூப்பிட்டீய?”

“ஒண்ணுமில்ல.”

இப்படி ஒரு நாளில் எத்தனையோ ஒண்ணுமில்லைகள். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் என் காலின் மேலேயே வைத்துவிட்டு, எனக்கு மேலாக அவளிடம் பேசினார்கள். “சாப்பிடுதாரா?” “தூங்குதாரா?” எனக்குக் காது கேட்கும் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் நண்பன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். எனக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான். வந்தவன் சட்டைப்பையிலிருந்து விரல் நீள கேம் ஸ்டிக் ஒன்றை எடுத்து டி.வி.க்குப் பின்னால் செருகினான். கூடவே வயரில்லாத ஜாய்ஸ்டிக் ஒன்றும் கொண்டுவந்திருந்தான்.

“ஏலே, இதுல ஆயிரக்கணக்குல பழைய கேம் இருக்கு. நேத்து கடையில சும்மா போட்டுப் பாத்தேன். நம்ம ரோபோ கேம் கெடக்குலே!”

அந்தக் காலத்தில் அவனுடைய வாப்பா சவுதியிலிருந்து ஒரு டி.வி. கேம் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் கேசட். கையே துப்பாக்கியாக இருக்கிற ஒரு குட்டி ரோபோ, இடமிருந்து வலமாக ஓடுவான். குதிப்பான், சுடுவான், ஏணியில் ஏறுவான். ஒவ்வொரு பாதையின் கடைசியிலும் ஒரு இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய ரோபோ காத்திருக்கும். அதை அடித்து வீழ்த்தினால் அதன் ஆயுதம் நமக்கு வந்துவிடும். அந்த ஆயுதத்துக்கு இன்னொரு ரோபோ பயப்படும். எங்களுக்கு அதில் வரும் இங்கிலீஷ் பெயர்களைப் படிக்கத் தெரியாது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறவனுக்கு பம்ப்செட்டு என்று பெயர் வைத்தோம். நெருப்புப் பொறி தட்டுகிறவன் வெல்டிங். நம்மைத் தூக்கிச் சுவரில் எறிகிறவன் கிரேன். பாதையில் குதித்துத் தாண்டும் இடங்களெல்லாம் என் பொறுப்பு, சண்டை அவன் பொறுப்பு. கதவு வந்ததும் ஜாய்ஸ்டிக் கை மாறும்.

அந்த விளையாட்டின் பாட்டு டி.வி.யில் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் வந்தபிறகு முதல் சிரிப்பு என்று பிறகு மனைவி சொன்னாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நண்பன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஆடினான். கண் டி.வி.யிலேயே இருந்தது. “பாத்தியாலே, இன்னும் கை மறக்கல.” பம்ப்செட்டு பாதையின் முதல் பாதியைத் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டான். அப்புறம் அந்த இடம் வந்தது. அங்கே தரையே கிடையாது. அந்தரத்தில் கற்கள் தோன்றும், மறையும். எது எப்போது தோன்றும் என்று மனதில் தாளம் வைத்துக் குதிக்க வேண்டும். தப்பினால் கீழே முள். பள்ளிக்கூடக் காலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டே தாண்டிய இடம்.

“இது உன் ஏரியால்லா, இந்தா பிடி,” என்று சொல்லி, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஜாய்ஸ்டிக்கை என் நெஞ்சில் வைத்தான்.

அது என் நெஞ்சிலிருந்து மெதுவாகச் சரிந்து, கைக்கும் விலாவுக்கும் நடுவில் விழுந்தது. டி.வி.யில் அந்தக் குட்டி ரோபோ விளிம்பில் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான். நண்பன் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு வரவில்லை. ஏதாவது கேலியாகச் சொல்லி அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவன் ஜாய்ஸ்டிக்கை எடுத்து, பின்பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து பார்த்தான்.

“பேட்டரி போயிருச்சு போல மக்கா. புதுசு வாங்கிட்டு வாரேன்.”

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. போனவன் அதன்பிறகு வரவில்லை. மனைவிக்கு மட்டும் அடிக்கடி போன் செய்து விசாரித்தான். மருந்து வாங்க வேண்டுமென்றால் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பினான். தெருவழியாக அவன் பைக் போகும் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டருகே வரும்போது அது வேகம் குறையும், அப்புறம் போய்விடும். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. நான் அவனாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று படுத்துக்கொண்டு பலமுறை யோசித்திருக்கிறேன். நானும் வந்திருக்க மாட்டேன்.

அந்த ஸ்டிக் டி.வி.யிலேயே கிடந்தது. ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டை எனக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, என் மனைவி ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள்.

“இதுல எத அமுக்கணும்?”

அவள் செல்போனில்கூட எந்த விளையாட்டும் ஆடாதவள். நான் சொல்லிக்கொடுத்தேன். ரோபோ ஓடினான், முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி ஓடினான், அதே பள்ளம். விழும்போதெல்லாம் அவளும் கூடவே “ஐயோ” என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கைத் தூக்கினாள். கையைத் தூக்கினால் அவன் குதிப்பான் என்று நினைத்தாள்போல.

முதலில் வேடிக்கையாக இருந்தது. நாளாக நாளாக என்னால் தாங்க முடியவில்லை. எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்று என் தலைக்குள் தெளிவாக இருந்தது. என் கட்டை விரல் அங்கே, போர்வைக்குள், மரத்துண்டுபோலக் கிடந்தது. அந்த நொடி என் வாய் வழியாக அவள் காதுக்குப் போய், அவள் விரலுக்குப் போவதற்குள் தாண்டிவிடும்.

“குதி. இப்ப குதி. குதிட்டி!”

“குதிக்கேன்லா!”

“அதான் விழுந்தாச்சே, இனி என்னத்தக் குதிக்க? அறிவு வேண்டாமா உனக்கு? எத்தன தடவ சொல்ல?”

அவள் எழுந்தாள். ஜாய்ஸ்டிக்கைக் கட்டிலில் போட்டாள். எறியவில்லை.

“அப்ப நீங்களே ஆடுங்க,” என்றாள்.

சொன்ன மறுகணம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடுப்படி வழியாகப் பின்னால் போய்விட்டாள். கொல்லைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ரோபோ பாதையின் ஆரம்பத்தில் நின்றான். அந்தப் பாட்டு முடிந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி முடிந்தது. சின்ன வயதில் அது நின்று கேட்கிற பாட்டே இல்லை, ஓடுகிறபோது கேட்கிற பாட்டு. இப்போது அது என் தலையில் ஆணி அடிப்பதுபோல இருந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிறுநீர் முட்டியது. கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த நாட்களில் என் குரலும் பாதியாகத்தான் இருந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூட இடையில் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சூடாகத் தொடை நனைந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பிறகு குளிர்ந்தது. நாற்பதைத் தாண்டிய ஒருவன், நாலு பேருக்கு வேலை கொடுத்தவன், நனைந்த துணியில் கிடந்து ஒரு பொம்மை ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் அசையவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. வாசலில் நின்றவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது. முதலில் டி.வி.யை அணைத்தாள். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். என்னைப் புரட்டி, துடைத்து, விரிப்பை மாற்றினாள். லுங்கியை மாற்றி முடித்து, என் தலையணையைச் சரிசெய்யும்போதுதான் சொன்னாள்:

“கொல்லையில துணி காயப் போட்டேன். அது காஞ்சு மடக்குத வரைக்கும் அங்கனயே நின்னுட்டேன்.”

“நான்தான்…”

“விடுங்க.”

அடுத்த நாள் மதியம் அவள் மறுபடி டி.வி.யைப் போட்டு உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது, அவள் எனக்காக ஆடவில்லை என்று. என்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து, துணி அலசிப் போட்டபிறகு அவளுக்கு மிஞ்சிய அந்தக் கொஞ்ச நேரத்தில், விழுந்தால் மறுபடி எழுந்து நிற்கிற ஏதோ ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது. பள்ளத்தைத் தாண்டப் பழகினாள். ஏணி பழகினாள். வேகமாக ஓடவே மாட்டாள். ஒவ்வொரு எதிரிக்கும் எட்டத்திலேயே நின்று, அது போகட்டும் என்று காத்திருப்பாள். எனக்கு அதைப் பார்ப்பதே வேதனையாக இருந்தாலும், அவள் முன்னேறினாள்.

ஒரு நாள் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தப் பெரிய ரோபோவெல்லாம் ஏன் இவன அடிக்குதுக?”

“அதுகளயும் நல்ல வேலைக்குத்தான் செஞ்சாங்க. பம்ப்செட்டு தண்ணி பாய்ச்சுறதுக்கு, கிரேன் சாமான் தூக்குறதுக்கு. ஒரு கெட்டவன் உள்ள எதையோ மாத்தி விட்டுட்டான்.”

“அப்ப அதுகளுக்கே தெரியாது, தப்பு செய்யுதோம்னு.”

“தெரியாது.”

“பாவம்,” என்றாள். பிறகு மறுபடி ஆடத் தொடங்கினாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி வந்து போனது. தெருவில் வெடிச்சத்தம் கேட்டபோது என் இடது கட்டை விரல் லேசாக அசைந்ததாகத் தோன்றியது. மறுநாள் பிசியோதெரபி செய்ய வரும் தம்பியிடம் சொன்னேன். அவர் என் விரலுக்கு முன்னால் தன் விரலை வைத்து, “தள்ளுங்க சார்,” என்றார். தள்ளினேன். எனக்குப் பெரிய மலையைத் தள்ளியதுபோல வியர்த்தது. அவர் என் மனைவியைக் கூப்பிட்டார். அவளும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“வருது,” என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

அந்த மதியம் எனக்கு ஒரு ஆசை. கற்கள் தோன்றி மறையும் இடத்துக்கு அவள் வந்து மாட்டிக்கொண்டு பல நாளாகியிருந்தது. நான் சொன்னேன், “நீ அவன முன்னால நகத்து. குதிக்கிற பட்டன நான் அமுக்குதேன்.” அவள் கட்டிலில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கை என் வயிற்றின் மேல் வைத்து, என் கட்டை விரலை எடுத்துப் பட்டனில் பொருத்தினாள். கல் தோன்றியது. இப்போது, என்று மூளை சொன்னது. விரல் கிளம்பியது. கல் மறைந்த பிறகுதான் பட்டன் அமுங்கியது. ரோபோ முள்ளில் விழுந்தான். மறுபடி முயன்றோம். மறுபடி முள். எத்தனை முறை முயன்றாலும் அந்த இடைவெளி குறையவே இல்லை.

“பரவால்ல. இன்னொரு நா பாப்போம்,” என்றாள்.

எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரல். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த ஒன்றைத்தான் என்னால் திருப்ப முடிந்தது. அதன்பிறகு நான் பட்டனைக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

விரலுக்குப் பிறகு மணிக்கட்டு வந்தது. முழங்கை, தோள், இடுப்பு என்று எந்த வரிசையும் இல்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. பொங்கலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். பங்குனியில் வாக்கரைப் பிடித்து முன்னறையிலிருந்து குளியலறை வரை போனேன். வலது கைதான் வரவில்லை. தோளோடு தூக்க முடிந்தது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. திருநெல்வேலி டாக்டர் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் விடவில்லை.

“இனிமே வர்றது மெதுவாத்தான் வரும். வராமலும் இருக்கலாம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கரிசல் காட்டில் பருத்திச் செடிகள் காய்ந்து நின்றன. கடையை என்னிடம் வேலை பார்த்தவரே எடுத்து நடத்தட்டும் என்று அந்தப் பயணத்தில்தான் முடிவு செய்தேன். அவளிடம் சொன்னபோது, “சரி,” என்றாள். அவ்வளவுதான்.

நண்பன் ஒருநாள் காலையில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். நான் வாக்கரைப் பிடித்து நடப்பதை முதல்முறையாகப் பார்க்கிறான்.

“ஏலே,” என்றான்.

“உள்ள வாலே. டீ குடிச்சிட்டுப் போ.”

வந்து உட்கார்ந்தான். டீயைக் குடித்தான். டி.வி. பக்கம் அவன் பார்க்கவேயில்லை. போகும்போது என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். இப்போது வாரம் ஒருமுறை வருகிறான். கடைக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவோம். அந்த மதியத்தைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

பம்ப்செட்டை அவள் வென்றது சித்திரையில் ஒரு மதியம். கற்களை அவள் எப்போது தாண்டினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. பிசியோதெரபிக்குப் பிறகு நான் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பொழுதில் தாண்டியிருக்கிறாள். அன்று அவள் பம்ப்செட்டின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றபோது நான் நாற்காலியில்தான் இருந்தேன். ஆனால் எனக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வாக்கரோடு நான் போய்ச் சேரவே நேரமாகும்.

“நிறுத்திட்டு வரட்டா?” என்று கேட்டாள்.

“வேண்டாம். நானே போய்க்கிடுதேன்.”

உள்ளே சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பம்ப்செட்டின் பாட்டு வந்தது. தண்ணீர் பீய்ச்சும் சத்தம், துப்பாக்கிச் சத்தம், தண்ணீர், தண்ணீர். அடி வாங்குகிறாள் என்று காதாலேயே தெரிந்தது. அவன் மூன்று முறை பீய்ச்சியபின் ஒரு நொடி நிற்பான், அப்போது சுட வேண்டும் என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. கத்தினாலும் கேட்டிருக்காது. துப்பாக்கிச் சத்தம் நின்றது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. செத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தச் சின்ன வெற்றி மெட்டு. நான் கேட்டு முப்பது வருஷம் இருக்கும்.

அவசரமாகத் திரும்ப முயன்றேன். அவசரப்பட்டால் விழுந்துவிடுவேன். ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொள்ள முடியும், கட்ட முடியாது. லுங்கியை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது முழங்கையை வாக்கரில் ஊன்றி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து முன்னறைக்கு வந்து சேர்ந்தபோது டி.வி.யில் எல்லாம் முடிந்து, அடுத்த ரோபோவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படம் நின்றுகொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியளா?”

“கேட்டேன்.”

அவள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, என் லுங்கியைக் கட்டிவிட எழுந்து வந்தாள்.